மாற்றம் எண் ஐம்பத்திரண்டு

ரசத்தில் ஒரு சிட்டிகை மிளகு கூடுதலாகப் போட, நீங்கள் யாரிடமாவது எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கியதுண்டா? அமலா வாங்கினாள். மூன்று தடவை எழுதிக் கொடுத்த பிறகுதான் அவள் புருஷன் பர்னபாஸ் கையெழுத்துப் போட்டான். முதல் இரண்டு தடவையும் ‘காரணம்’ என்கிற கட்டம் காலியாக இருந்ததாம்.

பர்னபாஸுக்குப் பெங்களூரில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை; மாரிகுப்பத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவான். புரோகிராம் எழுதுகிற வேலை இல்லை, எழுதினதைக் காவல் காக்கிற வேலை. யார் எந்த வரியை மாற்றினார்கள், எதற்காக மாற்றினார்கள், அதற்கு முன்னால் எப்படி இருந்தது, யார் சம்மதம் கொடுத்தது என்று எல்லாவற்றுக்கும் எண் போட்டு வைக்க வேண்டும். பழையதை அழிக்கக் கூடாது. ஒருவர் எடுத்துத் திருத்தும்போது இன்னொருவர் தொடக் கூடாது. கான்பிகரேஷன் மேனேஜ்மென்ட் என்று அதற்குப் பெயர். அதை அவன் விளக்கி முடிப்பதற்குள் மாரிகுப்பத்தில் கிளம்பின ரயில் சாம்பியன் ஸ்டேஷனைத் தாண்டிவிடும்.

இரண்டாயிரத்து ஒன்று பிப்ரவரி கடைசியில் ஊரின் தங்கச் சுரங்கத்தை மூடினார்கள். அமலாவின் அப்பா சுரங்கத்து விளக்கு அறையில் வேலை பார்த்தவர். இறங்குகிற ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு பித்தளை வில்லை கொடுப்பார். ஏறி வந்ததும் வாங்கி ஆணியில் மாட்டுவார். ஒரு ஆணி காலியாக இருந்தால் ஒரு உயிர் இன்னும் கீழே இருக்கிறது என்று கணக்கு. மூடின அன்றைக்கு எல்லா ஆணியும் நிறைந்துதான் இருந்தது. ஆனால் மேலே வந்தவர்களுக்குப் போக இடமில்லை.

பர்னபாஸ் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான். “சுரங்கம்னா மூடுவாங்க. கம்ப்யூட்டரை எவன் மூடறது? எல்லாம் ஸ்டாண்டர்டு இல்லாததால வந்த வினை. இனிமே வீட்டுலயும் ஸ்டாண்டர்டுதான்.”

அடுத்த ஞாயிறு, மாதா கோவிலிலிருந்து வந்த கையோடு ஒரு நீள நோட்டுப் போட்டான். பென்சிலுக்குத் தடை. ரப்பர் தெருவில் போய் விழுந்தது. ‘எழுதாத மாற்றம் நடக்காத மாற்றம்’ என்று எழுதிச் சுவரில் ஒட்டினான்.

பக்கத்து வீட்டு ரத்தினம்மா டம்ளரோடு வந்தாள்.

“அமலா, கொஞ்சம் சக்கரை குடுடி.”

“அக்கா, எடுத்துகினு போறதுன்னா இதுல எழுதிட்டுப் போங்க. இன்னா எடுக்கறீங்க, எப்போ திருப்புவீங்க, எதுக்காக.”

“இன்னாடி இது, ரேஷன் கடையா?”

“இல்லக்கா, ஸ்டாண்டர்டு.”

ரத்தினம்மா அன்றிலிருந்து சர்க்கரை இல்லாமல் காபி குடிக்கப் பழகிக்கொண்டாள்.

தினமும் இருட்டின பிறகு பர்னபாஸ் வருவான். சீசன் டிக்கெட்டைக் கதவோர ஆணியில் மாட்டுவான். அமலா நோட்டை நீட்டுவாள். ஒவ்வொரு வரியாகப் படிப்பான், கேள்வி கேட்பான், கையெழுத்துப் போடுவான்.

ஜூலையில் அந்தக் காவல்காரனே தவறு செய்தான். வாடிக்கையாளர் ஒருத்தர் போனில் கத்தியிருக்கிறார். அவசரம். பர்னபாஸே போய் அவர்கள் கம்ப்யூட்டரில் நேராக ஒரே ஒரு வரியைத் திருத்திவிட்டு வந்தான். அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டான், மறந்தான். அடுத்த மாதம் கம்பெனி புதுப் புரோகிராமை அனுப்பியது. அதில் அந்தத் திருத்தம் இல்லை. பழைய கோளாறு பழையபடி வந்து உட்கார்ந்தது. வாடிக்கையாளர் போனார். பின்னாலேயே பர்னபாஸையும் போகச் சொன்னார்கள்.

இதை அமலாவிடம் எப்படிச் சொல்வது? கைக்குழந்தைக்குப் பால் வாங்குவதும், மாமனார் வீட்டில் அடுப்பு எரிவதும் இவன் சம்பளத்தில். அவன் சொல்லவில்லை. நாலரைக்கு எழுந்தான், டிபன் பாக்ஸ் எடுத்தான், ஸ்டேஷனுக்குப் போகாமல், தங்கம் எடுத்த கழிவு மண் குவிந்து கிடக்கிற சயனைடு மேட்டுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். அங்கே ஏற்கெனவே பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் சுரங்கத்து ஆட்கள். ஒருத்தரும் ஒன்றும் கேட்கவில்லை. தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தார்கள். கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவனுக்கு இருந்தது.

மூன்று வாரம் இப்படி ஓடியது. வீட்டுக்கு வந்தால் அமலாவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நோட்டை நீட்டினாள் என்றால், எழுத்தைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தள்ளினான்.

ஒரு திங்கட்கிழமை நாலரைக்கு எழுந்தால், அமலா தலை வாரி, செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறாள். டிபன் பாக்ஸ் அவள் பையில்.

“இன்னா இது, எங்கே கிளம்பிட்டே?”

“பெங்களூருக்கு. கார்மென்ட்ஸ்ல வேலை. இன்னைக்கு மொத நாள்.”

“யாரைக் கேட்டுகினு?”

“உங்களைத்தான்.” நோட்டை விரித்தாள்.

மாற்றம் எண் ஐம்பத்திரண்டு. இப்போது: பர்னபாஸ் வேலைக்கு, அமலா வீட்டில். இனி: அமலா வேலைக்கு, பர்னபாஸ் வீட்டில். காரணம்: அவருக்கு வேலை போய்விட்டது. சம்மதம்: பர்னபாஸ். கையெழுத்தின் சுழியெல்லாம் அவனுடையதேதான்.

“நான் படிக்கவேயில்ல!”

“படிக்காம கையெழுத்துப் போடறதுக்கு உங்க ஸ்டாண்டர்டுல இன்னாங்க பேரு?”

“உனக்கு... எப்படித் தெரியும்?”

“சீசன் டிக்கெட்டு பத்தாந்தேதியோட முடிஞ்சிபோச்சு. செத்த டிக்கெட்டையே தினம் கொண்டாந்து மாட்டறீங்க. நான் விளக்கு ரூம்காரர் பொண்ணு. ஆணியில ஒண்ணு தொங்குனா திருப்பிப் பாக்காம படுக்க மாட்டேன்.”

“அது வந்து... புதுசு பையில...”

“பேன்ட்டு மடிப்புல சயனைடு மேட்டு மண்ணு. பெங்களூர்ல அதை எந்த மாடியில கொட்டி வச்சிருக்காங்க?”

பர்னபாஸ் தரையில் உட்கார்ந்துவிட்டான். “அப்பவே ஏன் கேக்கலே?”

“எழுதாத மாத்தம் நடக்காத மாத்தம்னு நீங்கதானே ஒட்டுனீங்க?” சிரித்துக்கொண்டுதான் ஆரம்பித்தாள். பாதியில் சிரிப்பைக் காணோம். “ரெண்டு வாரமா பாத்தேங்க. இன்னைக்கு எழுதுவாரு, இன்னைக்கு எழுதுவாருன்னு. நடக்கலேன்னே நானும் வச்சிகினேன்.”

 அவன் முனகினான்: “அந்த ஐம்பத்திரண்டை மட்டும் அடிச்சிடலாம், அமலா.”

“அடிக்கக் கூடாது. ரப்பரைத் தெருவுல தூக்கிப் போட்டது யாரு?”

ஆணியிலிருந்த பழைய டிக்கெட்டைக் கழற்றி அவன் சட்டைப் பையில் போட்டாள். தன் பெயரில் வாங்கின புதுசைக் கையில் எடுத்துக்கொண்டாள். தூங்குகிற பாப்பாவைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். தூரத்தில் ரயில் கூவியது.

“பாப்பாவுக்கு ஏழு மணிக்குப் பால். ரசத்துக்கு மிளகு, கடைசியா நீங்க சம்மதம் குடுத்த அளவுதான். எதையாச்சும் மாத்தணும்னா நோட்டுல எழுதி வைங்க, சாயங்காலம் வந்து படிச்சிப் பாத்து கையெழுத்துப் போடறேன்.” வாசற்படி இறங்கினவள் திரும்பினாள். “காரணம்ங்கற கட்டத்தை மட்டும் காலியா விட்டுடாதீங்க, இன்னா?”