சுத்தமான ஸ்பானிஷ்

ஸ்பானிஷ் மொழி இன்றுவரை சாகாமல் இருப்பதற்கு ஒரே காரணம் எங்கள் பல்கலைக்கழக ஸ்பானிஷ் துறையின் வியாழக்கிழமைச் சிற்றுண்டியான மெரியெந்தாதான். ஸ்பெயின் இருக்கிறது, மெக்சிகோ இருக்கிறது, பெரு இருக்கிறது. அங்கெல்லாம் கோடிக்கணக்கான பேர் ஸ்பானிஷ் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் சும்மா பேசுகிறார்கள். பாதுகாப்பது நாங்கள்.

ஜெராக்ஸ் அறையில் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்து, பொரித்த வாழைப்பழத்தைக் கடித்தபடி மெர்லி அத்திலானோ இப்படி நினைத்துக்கொண்டாள். வாய்விட்டுச் சொல்லவில்லை. சொன்னால் எந்த மொழியில் சொல்வது என்ற சிக்கல் வந்துவிடும்.

சுவருக்கு அந்தப் பக்கம் துறைக் கூடம். வியாழன்தோறும் மூன்று மணிக்கு அங்கே நீள மேசையில் பான்சித் நூடுல்ஸும், சீஸ் தூவிய ரொட்டியும், இஞ்சித் தண்ணீரும் வைக்கப்படும். ஆசிரியர்கள் கூடுவார்கள். விதி ஒன்றே ஒன்று: மெரியெந்தா முடியும்வரை ஸ்பானிஷ் தவிர வேறு மொழி பேசக்கூடாது. ஊர் மொழியான தகாலோக் கூடாது. ஆங்கிலம் கூடவே கூடாது. இந்த விதியை எல்லா ஆசிரியர்களும் மனப்பூர்வமாகக் கடைப்பிடித்தார்கள். அதாவது, யாரும் வாயே திறப்பதில்லை.

"ருசி" என்பார் ஒருவர். "ஆமாம், ருசி" என்பார் இன்னொருவர். ஜன்னலைப் பார்த்து "மழை" என்பார் மூன்றாமவர். மழை பெய்யாத மாதங்களிலும் அவர் அப்படித்தான் சொல்வார். வெயிலுக்கான சொல் அடுத்த பாடத்தில் இருந்தது. அதன் பிறகு முள்கரண்டிச் சத்தம்தான். கீழே தெருவில் ஜீப்னி வண்டிகள் கத்திக்கொண்டிருக்கும் மணிலாவில் இப்படியொரு நிசப்தத்தை வேறெங்கும் காண முடியாது. "இதுதான் பண்பாடு" என்று துறைத் தலைவர் டாக்டர் பிலார் எச்சௌஸ் வருட அறிக்கையில் குறிப்பிடுவார்.

டாக்டரின் கொள்ளுப் பாட்டனார் ஸ்பெயினிலிருந்து கப்பலில் வந்தவர். அந்தக் கப்பலைப் பற்றி டாக்டர் பேசக் கேட்டால், மிச்சம் இருக்கிற பிலிப்பினோக்கள் எல்லோரும் நீந்தி வந்தவர்கள் என்று தோன்றும்.

மெர்லி தெற்குக் கோடியில், சாம்போவாங்காவிலிருந்து வந்தவள். அங்கே ஒரு பழைய ஸ்பானியக் கோட்டை உண்டு. அதைக் கட்டிய கொத்தனார்களும் காவல் காத்த சிப்பாய்களும் ஊர்ப் பேச்சோடு ஸ்பானிஷைப் போட்டுப் பிசைந்ததில் ஒரு மொழி பிறந்தது. அதற்கு சாவகானோ என்று பெயர். மெர்லியின் ஊரில் நண்டு விற்பதும் அதில்தான், பாவமன்னிப்புக் கேட்பதும் அதில்தான்.

மூன்று வருடங்களுக்கு முன் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்து, முதல் மெரியெந்தாவுக்குப் போனபோது அவளுக்கு ஒரே சந்தோஷம். மணிலாவில் வீட்டுப் பேச்சைப் பேச ஒரு மேசை! உட்கார்ந்ததும், தேங்காய்ப்பாலில் நண்டு வேகும்போது அவள் அம்மா அதனோடு நடத்துகிற வாக்குவாதத்தை ஆரம்பித்துவிட்டாள். மேசை முழுக்க முள்கரண்டிகள் நின்றன. அத்தனை வருடத்தில் அங்கே யாரும் ஒரு வாக்கியத்தைத் தாண்டியதில்லை.

டாக்டர் உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"மகளே, இது ஸ்பானிஷ் இல்ல. ஸ்பானிஷ் பாத்திரம் கழுவின தண்ணி. முதல்ல நாக்கைச் சுத்தம் பண்ணிட்டு வா. அப்புறம் மேசைக்கு வரலாம்."

அன்றிலிருந்து ஜெராக்ஸ் அறை.

நாக்கைச் சுத்தம் செய்யும் பணி செவ்வனே நடந்தது. மெர்லி இலக்கணம் படித்தாள். முதுகலைத் தேர்வுகளில் முதலாவதாக வந்தாள். அம்மா போனில் பேசும்போது மனசுக்குள் ஒரு சிவப்புப் பேனா தானாக எழுந்து கோடு போட ஆரம்பித்தது. அதை நிறுத்த அவள் முயன்றாள். அது நிற்கவில்லை. அம்மா "உடம்பைப் பாத்துக்க" என்றால், அந்த வினைச்சொல்லில் விகுதி போன இடத்தைத் தேடிவிட்டு, அதற்கப்புறம்தான் நெகிழ முடிந்தது.

வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் முதுகலை ஆய்வு ஏற்கப்பட வேண்டும். அவள் எடுத்த தலைப்பு, சாம்போவாங்கா அம்மாக்கள் பிள்ளைகளைத் திட்டும் முறை. குழு இரண்டு தடவை நிராகரித்துவிட்டது.

"திட்டறதெல்லாம் பண்பாடா?" என்று கேட்டார் டாக்டர்.

"ஒரு மொழியில கடைசியா சாகறது அம்மா திட்டறதுதான் மேடம்."

"அழகா சொல்றே. அந்தக் காலத்து ஸ்பானியப் பாதிரிமார் கடிதங்களைப் பத்தி எழுது. அவங்க யாரையும் திட்டல."

"அவங்கதான் மேடம் ஊரையே..."

"பாத்தியா, நாக்கு."

இந்தப் பருவத்துக்குள் ஆய்வு ஏற்கப்படாவிட்டால் வேலை இல்லை. மெர்லி வாழைப்பழத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, வீணான ஜெராக்ஸ் தாளில் கையைத் துடைத்தாள்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு திந்தோ பங்கிலினான் வந்தார். துறையில் மாணவர்கள் முண்டியடித்துச் சேருகிற ஒரே வகுப்பு அவருடையது: "ஹிஸ்பானியப் பண்பாடும் வாடிக்கையாளர் மன்னிப்பும்." கால் சென்டரில் ஸ்பானிஷ் தெரிந்தால் சம்பளம் அதிகம். பார்சல் தாமதமானதற்கு நாற்பது விதமாக வருத்தம் தெரிவிக்க அவருடைய மாணவர்களுக்குத் தெரியும். வேறெதுவும் தெரியாது.

"மெர்லி, எழுந்திரு. நீ இனிமே கழுவின தண்ணி இல்ல."

"அப்புறம்?"

"பாரம்பரியம்."

விஷயம் இதுதான். மாட்ரிட்டில் ஓர் அறக்கட்டளை. உலகின் மூலைகளில் "மூச்சுவிடும் ஹிஸ்பானிய மரபு" எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் போய்க் கண்கலங்கிவிட்டு நிதி கொடுப்பது அதன் நோக்கம். அதன் பிரதிநிதி அடுத்த வியாழன் வருகிறார். அவருக்குக் கல்வெட்டு வேண்டாம், கடிதம் வேண்டாம். சாவகானோ பேசுகிற ஓர் ஆள் வேண்டும்.

அவசரக் கூட்டம் கூட்டப்பட்டது. மெர்லிக்கு நாற்காலி போடப்பட்டது. டாக்டர் எழுந்து நின்று, மூன்று வருடங்களாக ஜெராக்ஸ் அறையில் "பேணிக் காக்கப்பட்டு வந்த" புதையலைத் துறையின் சார்பில் பாராட்டினார். பின்வரும் தீர்மானங்கள் ஒருமனதாக நிறைவேறின. கூடத்தின் மூலையில் ஓலை வேய்ந்த ஒரு மீன் கடை அமைப்பது. அதில் மெர்லியை உட்கார வைப்பது. மீன் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் (நாற்றம், கம்பளம்). அவள் பேச வேண்டியதை டாக்டரே எழுதித் தருவது.

"சாவகானோவை நீங்களா எழுதப் போறீங்க மேடம்?" என்றாள் மெர்லி.

"நீ எழுதினா அது பேச்சு. நான் எழுதினா ஆவணம்."

அடுத்த நாள் ஒத்திகை. ஓலைக்கடைக்குள் கூடையோடு உட்கார்ந்து, கொடுத்த தாளைப் பார்த்து மெர்லி வாசித்தாள். முதல் வரியிலேயே டாக்டர் கையை உயர்த்தினார்.

"என்ன இது, இவ்வளவு சரியா பேசறே?"

"மூணு வருஷமா நீங்க திருத்தினது மேடம்."

"அது பரீட்சைக்கு. இது பாரம்பரியம். நட்சத்திரம் போட்டிருக்கேன் பாரு, அங்கெல்லாம் தப்பு வரணும்."

"எங்க வீட்டுல பேசறதை அப்படியே பேசிடட்டுமா?"

"ஐயையோ! அது அவங்களுக்குப் புரியாதே. புரியற மாதிரி தப்புப் பண்ணு. அளவா."

திந்தோ தாடையைத் தடவினார். "ஆமா மேடம். தப்பு ஜாஸ்தியானா விருந்தாளி வருத்தப்படுவாங்க. குறைஞ்சா சந்தேகப்படுவாங்க."

"பாத்தியா, பங்கிலினான் பேசறது ஆராய்ச்சி."

மெர்லி தாளை மறுபடி பார்த்தாள். மூன்றாவது நட்சத்திரத்துக்குக் கீழே இருந்த வரி அவளுக்குத் தெரிந்த வரி. சோறு ஆறுவதைப் பற்றிய வரி. அவளுடைய நிராகரிக்கப்பட்ட ஆய்வின் முதல் பக்கத்தில் இருந்தது; அவள் அம்மா சொன்னது. வசை மட்டும் எடுக்கப்பட்டு, அந்த இடத்தில் "அன்பு மகளே" என்று சேர்க்கப்பட்டிருந்தது.

"மேடம், இது என் ஆய்வுல இருக்கறதாச்சே?"

"ஆமா. ரொம்ப அருமையான தலைப்பு. அதையே அறக்கட்டளைக்குத் திட்டமா கொடுத்திருக்கோம். தலைமை ஆய்வாளர் நான். தகவல் வழங்குநர் நீ. உன் பேர் தனி வரியில வரும்."

"அப்ப என் ஆய்வு?"

"அவங்க வந்துட்டுப் போன மறுநாள், வெள்ளிக்கிழமையே ஏத்துக்கறோம், வேலையும் நிரந்தரம். தலைப்பை மட்டும் மாத்திடு. திட்டறதைப் பத்தி ஏற்கெனவே ஒருத்தர் ஆராய்ச்சி பண்றாங்க இல்லையா?"

மெர்லி தலையாட்டினாள். தலையாட்டுவதற்கு எந்த மொழியும் தேவைப்படவில்லை. நிரந்தரம் என்ற சொல் காதில் விழுந்ததும் வாடகை அறையில் ஒழுகுகிற கூரை ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் மீனைப் பிடித்திருந்த கை வியர்த்திருந்தது. மீனுக்கு அது கொஞ்சம் உயிர் கொடுத்தது.

சாயங்காலம் ஊருக்குப் போன் செய்தாள். அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னாள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

"ஸ்பெயின்காரி நம்ம பேச்சைக் கேக்க வாராளா? ஏட்டி, அவ்வளவு தூரம் கப்பல்லயா?"

"பிளேன்ல அம்மா."

"என்ன பேசப் போற? சொல்லு, கேப்போம்."

மெர்லி தாளை வாசித்தாள். பாதியிலேயே அம்மா விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"யாருட்டி இப்படிப் பேசுதா? ரேடியோல வார பாதிரியாரா?"

"தப்பெல்லாம் வேணும்னே வச்சிருக்காங்க."

"நம்ம பேச்சுல என்னட்டி தப்பு?"

மெர்லி மூன்றாவது நட்சத்திர வரியை வாசித்தாள். மறுமுனையில் சிரிப்பு நின்றது.

"இது நான் சொன்னதுல்லா?"

"ஆமா."

"அன்பு மகளேன்னு நான் எங்கட்டி சொன்னேன்? சோறு ஆறுது, வந்து தின்னுட்டுப் போட்டி மூதின்னுல்லா சொன்னேன். உங்கப்பா கப்பலுக்குப் போன அன்னைக்கு, சாப்பிட மாட்டேன்னு வாசக்கதவைப் பிடிச்சிட்டு நின்னே. அன்னைக்குச் சொன்னது."

"ம்."

"நீ சொன்ன ஒடனே கைதட்டுவாவளோ?"

"தட்டுவாங்க."

அம்மா எதையோ 'சூ' என்று விரட்டினாள். பின்னால் கோழி கத்தியது.

"அன்னைக்கு நீ தேம்பித் தேம்பி அழுதுகிட்டே தின்னியே. அதையும் செஞ்சு காட்டணுமாட்டி?"

கேலியாகத்தான் கேட்டாள். போனை வைத்த பிறகுதான் மெர்லி ஒன்றைக் கவனித்தாள். அத்தனை நேரமும் சிவப்புப் பேனா எழவே இல்லை. எங்கே போயிருந்தது என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். அந்தப் பேனா இருந்த இடத்தில் வாசக்கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அவளை ஓலைக்கடைக்குள் உட்கார வைக்க அதற்கு மேல் மெர்லிக்கு மனம் வரவில்லை.

வியாழன், மூன்று மணி. பான்சித் வழக்கத்தைவிடப் பெரிய தட்டில் வந்திருந்தது. மாட்ரிட்டிலிருந்து வந்த பெகோன்யா அரியெத்தா நல்ல பெண்மணி. வாசலிலிருந்தே பேசிக்கொண்டு வந்தார். விமானத்தைப் பற்றிப் பேசினார், வெயிலைப் பற்றிப் பேசினார், தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசினார். ஆசிரியர்கள் அனைவரும் மரியாதையாகக் கேட்டார்கள். "ருசி" என்றார் ஒருவர். "மழை" என்றார் மற்றொருவர். மௌனத்தைப் பொறுக்க முடியாத திந்தோ, பார்சல் தாமதமானதற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார்.

மூலையில் ஓலைக்கடை காலியாக இருந்தது.

மெர்லி உள்ளே வந்தாள். மீன்காரி உடை இல்லை. வகுப்புக்குப் போடுகிற நீலச் சட்டை. மேசைக் கோடியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.

டாக்டர் அவள் பக்கம் சாய்ந்தார். துறை வரலாற்றில் முதல் தடவையாக மெரியெந்தா மேசையில் தகாலோக் கேட்டது, கிசுகிசுப்பாக.

"கூடை எங்கே?"

"ஜெராக்ஸ் ரூம்ல மேடம். மீனும் அங்கதான் இருக்கு."

"விளையாடறியா? போய் உக்காரு."

"உக்காந்துட்டேன் மேடம்."

பெகோன்யாவின் முகம் மலர்ந்தது. "சாம்போவாங்கா பொண்ணு நீதானா? உன்னைப் பாக்கத்தாம்மா இவ்வளவு தூரம் வந்தேன். ஏதாவது சொல்லேன்."

எல்லா முள்கரண்டிகளும் நின்றன. டாக்டர் நிமிர்ந்து, சபைக்கேற்ற ஸ்பானிஷில், பிசகில்லாமல் சொன்னார்:

"பேசு மகளே. உங்க அம்மா பேசற மாதிரி பேசு."

மெர்லி விருந்தாளியைப் பார்த்துச் சிரித்தாள். அந்த அம்மாள்மேல் அவளுக்குக் கோபமில்லை. வேறொரு நாள், வேறொரு மேசையில், நண்டைப் பற்றி அவரிடம் பேசிக்கொண்டே இருந்திருக்கலாம்.

"வேண்டாம் மேடம்" என்றாள் தகாலோக்கில், மெதுவாக.

"வெள்ளிக்கிழமை ஞாபகம் இருக்கா?" என்றது கிசுகிசுப்பு.

"இருக்கு மேடம்."

அவள் பான்சித்தை எடுத்துப் போட்டுக்கொண்டாள். எலுமிச்சை பிழிந்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். விருந்தாளி காத்திருந்தார். டாக்டர் காத்திருந்தார். ஒருவர் ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்தார், வெயில் கொளுத்தியது, மூடிக்கொண்டார். அப்புறம் வேறு வழியில்லாமல் மேசை முழுவதும் சாப்பிடத் தொடங்கியது.

மூன்று வருடங்கள் நாக்கைச் சுத்தம் செய்தது வீண்போகவில்லை. அந்த மேசையில் எல்லோரும் காலங்காலமாகப் பேசிவந்த அதே ஸ்பானிஷை அன்று மெர்லியும் சரளமாகப் பேசினாள். அதில் ஒரு பிழைகூட இல்லை. ஒரு சொல்லும் இல்லை.