ஆடியில் அடித்த கூடாரம்

பெருமதிப்புக்குரிய மச்சான் பாண்டியராஜன் அவர்களுக்கு,

காமயகவுண்டன்பட்டியிலிருந்து உங்கள் தங்கை மாப்பிள்ளை ஈஸ்வரபாண்டி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே திராட்சைத் தோட்டம் நலம், மாடு நலம், கிணற்று மோட்டார்கூட இந்த வாரம் நலம். திருப்பூரில் உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உங்கள் தங்கை ஜோதிலட்சுமி சுகமா என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது மச்சான். அவள் இப்போது வீட்டில் இல்லை. பதறாதீர்கள், ஊரில்தான் இருக்கிறாள். தோட்டத்தில், திராட்சைப் பந்தலுக்கு அடியில், ஒரு நீல நிறக் கூடாரத்துக்குள் தனிக்குடித்தனம் நடத்துகிறாள். என்னோடு பேச்சு வார்த்தை கிடையாது. நான் மூன்று வேளையும் பஸ் நிறுத்தக் கடையில் புரோட்டா தின்றுகொண்டிருக்கிறேன்.

இதைப் போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைக்கலாம். போனில் பேசினால் அழுதுவிடுவேனோ என்று பயம். வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், போன மாதம் என் மூலத்துக்கு மருந்து கேட்டு டாக்டருக்கு அனுப்பியது நம் குடும்பக் குழுவில் போய் விழுந்து, இன்னும் கொழும்பில் இருப்பவர்வரை நலம் விசாரிக்கிறார்கள். அதனால்தான் உங்களுக்கு அனுப்பும் பன்னீர் திராட்சைப் பெட்டிக்குள் இந்தக் கடிதத்தை வைத்து பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன். படித்ததும் புறப்பட்டு வாருங்கள். வந்து உங்கள் தங்கையைக் கூடாரத்திலிருந்து எழுப்பி வீட்டுக்குக் கூட்டி வந்து விட்டுவிட்டுப் போங்கள். உங்கள் பேச்சு ஒன்றுக்குத்தான் அவள் கட்டுப்படுவாள். அதுவும் அல்லாமல், நம் மகள் மாரீஸ்வரிக்கு இந்தச் சென்னை மாப்பிள்ளை விஜய்ராஜைப் பார்த்து முடித்து வைத்தவர் நீங்கள். ஆரம்பம் அங்கேதான்.

ஆடி பிறந்ததும் முறைப்படி மாரியை அழைத்து வந்தோம். மாப்பிள்ளையும் வந்து ஆடி விருந்து சாப்பிட்டார், வேட்டி சட்டை வாங்கிக்கொண்டார், மாரியை எங்களிடம் விட்டுவிட்டுச் சென்னைக்குத் திரும்பினார். ஆடி முடியும்வரை புதுப் பெண் ஒரு ஊர், புது மாப்பிள்ளை ஒரு ஊர். இதில் ஒரு குறையும் இல்லை. ஒரு வாரம் போயிருக்கும், அவரிடமிருந்து போன். "மாமா, வர்ற சனிக்கிழமை அங்க வரேன். ஆனா வீட்ல தங்கலை. மலைப் பக்கம் டென்ட் போட்டுத் தங்கணும். நல்ல இடமா ஒண்ணு பாத்து வைங்களேன்" என்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவருக்கென்றே மாடியில் அறை கட்டி, ஏசி மாட்டி, உட்கார்ந்து போகிற கக்கூஸ் வைத்து, அதற்குப் பக்கத்தில் எதற்கு என்றே தெரியாத ஒரு குட்டிக் குழாயும் வைத்திருக்கிறேன். அதையெல்லாம் விட்டுவிட்டு ஒரு மனிதன் காட்டில் துணிக்குள் படுப்பேன் என்றால் என்ன அர்த்தம்? என் அக்கா அக்கம்மாளிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டேன். "ஏண்டா, மாப்ள கோவிச்சுக்கிட்டாகளா? கறிக்கொழம்புல உப்புக் கூடிருச்சுன்னு அன்னைக்கே சொன்னேன்ல!" என்று அவள் ஆரம்பித்தது தெருக்கோடி வரை போய்விட்டது.

சரி, சம்பந்தம் கெட்டுப்போகக் கூடாது, கேட்டதைச் செய்துவிடுவோம் என்று வண்டியை எடுத்தேன். முதலில் வருசநாட்டுப் பக்கம் நம் தூரத்து உறவு ஒருவரின் தென்னந்தோப்பைப் பார்த்தேன். அருமையான இடம் மச்சான். சுற்றிலும் மலை, பக்கத்திலேயே டீக்கடை, பம்புசெட்டில் பல்பு எரிகிறது, செல்போன் டவர் முழுசாக நிற்கிறது. படம் பிடித்து அனுப்பினேன். "மாமா, பின்னாடி ஒரு பஸ் தெரியுதே?" என்றார். "ஆமா மாப்ள, ஸ்டாப்பிங் எதுக்கவேதேன் இருக்கு" என்றேன் பெருமையாக. அவருக்கு அது ஆகாதாம். பஸ் இருக்கக் கூடாது, கடை இருக்கக் கூடாது, கரண்ட் வேண்டாம், டவர் அறவே கிடைக்கக் கூடாது என்றார். இந்த ஒவ்வொன்றுக்கும் நாங்கள் ஊர்கூடி கலெக்டரிடம் மனு கொடுத்து வாங்கியிருக்கிறோம். அது எதுவும் இல்லாத இடத்தைத் தேடி என்னை மறுபடி அனுப்புகிறார்.

அடுத்து சின்னமனூரில் திரும்பி மேகமலை ஏறினேன். வளைவு வளைவாக ஏறி இடுப்பு கழன்றுவிட்டது. வனத்துறைக்காரர் சோதனைச் சாவடியிலேயே சொல்லிவிட்டார், "காட்டுக்குள்ள டென்ட் எல்லாம் போடக் கூடாதுங்க, பட்டா நிலத்துல ஆள் வச்சு நடத்துறாக, அங்கன போய்க் கேளுங்க" என்று. அப்படி நடத்துகிறவர் இம்மானுவேல் என்று ஒருவர். இடுக்கிக்காரர், பாதி மலையாளம். மலைச் சரிவில் பச்சை பிளாஸ்டிக் புல் விரித்து வைத்திருக்கிறார். மச்சான், சுற்றிலும் கண்ணுக்கு எட்டுகிறவரை நிஜப் புல் முளைத்துக் கிடக்கிறது, நடுவில் பிளாஸ்டிக் புல்! அதை விழுங்குவதற்குள், கூடாரத்துக்குப் பின்னால் ஒரு பெரிய சாணிக் குவியலைப் பார்த்தேன். நம் மாடு நாலு நாள் போட்டாலும் அவ்வளவு வராது. "இது என்னங்க?" என்றேன். "ஆனையாக்கும் சேட்டா. பேடிக்கண்டா, பழசு" என்றார், பயப்பட வேண்டாமாம். அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. இறங்குகிற வழி முழுக்க நான் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து சோர்ந்து உட்கார்ந்தபோதுதான் சாமி வந்து சொன்னது போல எனக்கு அது உதித்தது. நம் குலதெய்வம் கோயில் தோப்பு! மலையடிவாரம், பட்டா இடம், ஓடை, புளியமரம், யானை வருவதில்லை, டவரும் கிடையாது. அங்கே கும்பிடப் போகிற எவருமே வீட்டுக்குள் படுப்பதில்லையே, தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு ராத் தங்குவதுதானே வழக்கம். இதற்குத்தான் பட்டணத்தில் இங்கிலீஷ் பேர் வைத்திருக்கிறார்கள். படத்தைப் பார்த்ததும் மாப்பிள்ளை "சூப்பர் மாமா! இதுதான் மாமா!" என்று கத்தினார். என் மனசு குளிர்ந்துவிட்டது. ஆனால் குலதெய்வம் இருக்கிற இடத்துக்கு வெறுங்கையோடு போகலாமா? ஒரு பொங்கல் வைக்க வேண்டாமா? பொங்கல் என்றால் கிடா வேண்டாமா? கிடா வெட்டினால் பங்காளிகளுக்குச் சொல்லாமல் இருக்கத்தான் முடியுமா? சனிக்கிழமை காலையில் இரண்டு மினி லாரி கிளம்பியது. அண்டா, குண்டா, ஜெனரேட்டர், மைக் செட். அக்கம்மாள் அக்கா மட்டும் தன் கட்டிலையும் ஏற்றிக்கொண்டாள்.

அங்கே காரில் வந்து இறங்கிய மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்து நான் அதிர்ந்துவிட்டேன். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. "மாமா... இவங்கள்லாம்?" என்றார். "எல்லாம் நம்ம ஆளுகதேன் மாப்ள, நீங்க பாட்டுக்கு டென்ட்டைப் போடுங்க" என்றேன். போட்டார். பங்காளிகள் ஐம்பது பேர் வட்டமாக நின்று யோசனை சொன்னார்கள். நீல நிறம், குட்டியாக, அழகாகத்தான் இருந்தது. உறையின் மேல் இரண்டு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தது. நான் உடனே என் தலையணையையும் வெற்றிலைப் பையையும் எடுத்துக்கொண்டு உள்ளே தவழ்ந்து, ஒரு ஓரமாகப் படுத்து இடம் சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். மாப்பிள்ளை குனிந்து எட்டிப் பார்த்தார். "மாமா, நீங்களுமா?" என்றார். "பின்ன? பெத்த பொண்ணைக் குடுத்துட்டு உங்களைக் காட்டுல ஒத்தைல விடுவனா? நீங்க இந்தப் பக்கம், நான் அந்தப் பக்கம். கொறட்டை மட்டும் கொஞ்சம் வரும்" என்றேன். வெளியே மாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை மச்சான். சாமி சத்தியமாக அந்த நிமிஷம்வரை அந்த இரண்டாவது ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் தங்கைக்கு விளங்கிவிட்டது. பொங்கல் கரண்டியோடு அடுப்படியிலிருந்து எழுந்து வந்தாள். மாரியைப் பார்த்தாள், மாப்பிள்ளையைப் பார்த்தாள், கூடாரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த என் காலைப் பார்த்தாள். அதற்குள் அக்கம்மாள் அக்கா கட்டிலில் இருந்தபடியே கூவினாள்: "ஆத்தாடி, ஆடி மாசம்டி! ஆடியில சேந்தா சித்திரை வெயில்ல பிள்ள பொறக்கும்டி! இந்தக் கிறுக்குப்பய கூடவே இருந்து இடமும் பாத்துக் குடுத்திருக்கானே!" பக்கத்தில் மைக் ஆன் செய்து கிடந்தது. மலை அதை இரண்டு தரம் திருப்பிச் சொன்னது. நான் கூடாரத்துக்குள்ளேயே இருந்துவிட்டேன். வெளியே வர முகம் இல்லை.

சாப்பாட்டுப் பந்தி நடந்த களேபரத்தில் இருவரையும் காணோம். கார் தடம் மட்டும் இருந்தது. கம்பம் தாண்டி டவர் கிடைத்த இடத்திலிருந்து மாப்பிள்ளை எழுதியிருந்தார்: "சாரி மாமா. மாரியை அழைச்சுட்டு சென்னை போறேன். டென்ட் பத்திரம்." ஆடியில் கூட்டி வந்த பெண்ணை ஆடியிலேயே கொண்டுபோய்விட்டார்! உங்கள் தங்கை கூடாரத்தைத் தன் கையாலேயே பிரித்து மடித்தாள். மறுநாள் காலை அதைத் தலையில் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டாள். ஸ்டவ், அரிசி, ஒரு போர்வை, அவ்வளவுதான். ஊர்ப் பந்தியில் தன் மானம் போனதற்கும், ஆடிக்கு ஆகாததைச் செய்ததற்கும் கோபம் என்று புரிகிறது. ஆனால் ரோட்டிலிருந்து கூடாரம் நன்றாகத் தெரிகிறது மச்சான். டவுன் பஸ் அங்கே வந்தால் தானாகவே மெதுவாகப் போகிறது. கண்டக்டர் என்னைப் பார்த்து, "என்னண்ணே, அங்கன ஏதும் சர்க்கஸ் வந்துருக்கா?" என்கிறார். முப்பது வருஷமாக அவள் இல்லாமல் நான் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. வீட்டுக்குள் நுழைந்தால் மிரட்சியாக இருக்கிறது. அவள் வராமலே போய்விட்டால் நான் என்ன செய்வேன்? தயவுசெய்து கிடைக்கிற பஸ்ஸில் ஏறி வந்து அவளிடம் பேசுங்கள்.

உங்கள் பனியன் கம்பெனி பல்கிப் பெருகட்டும். பேரப்பிள்ளைகள் சளி காய்ச்சல் இல்லாமல் வளரட்டும். எங்கள் குலசாமி உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், கொஞ்சம் மிச்சம் இருந்தால் என்னையும் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் காலில் விழாத குறையாக,
சீ. ஈஸ்வரபாண்டி

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளதை எழுதி முடித்துப் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போகும்போது சாரல் பிடித்துக்கொண்டது. அவள் நனைவாளே என்று குடையோடு ஓடினேன். கூடாரத்து ஜிப்பைத் திறந்து, "நனையாம உள்ள வாங்க" என்றாள். எத்தனை நாள் கழித்துக் கேட்ட குரல்! தவழ்ந்து உள்ளே போனேன். ஆடி மாதம், மாப்பிள்ளை, சித்திரைப் பிள்ளை என்று நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். "அதெல்லாம் கெடக்கட்டும். அவுக நல்லா இருந்தாச் சரித்தேன்" என்றாள். எனக்குப் பேரதிர்ச்சி. "பின்ன எதுக்குத்தா இம்புட்டுக் கோவம்?" என்றேன்.

"மாப்ளைக்கு மலை மலையா ஏறி இடம் பாத்தீகளே, என்னைக்காச்சும் என்னைய ஒரு இடத்துக்குக் கூட்டிட்டுப் போயிருக்கீகளா? அந்தக் கோயிலுக்கு எத்தனை தடவை வந்திருப்பேன்! அடுப்பத்தேன் பாத்திருக்கேன், ஒரு தடவையாச்சும் அந்த மலைய நிமிந்து பாத்தனா? ரெண்டு பேரு படுக்கலாம்னு போட்டிருக்குன்னதும் தலகாணியத் தூக்கிக்கிட்டு மாப்ள கூடப் படுக்கப் போறீக. ரெண்டாவது ஆளா உங்களுக்கு என் ஞாபகமே வரலையா?" என்றாள்.

நான் குடையை மடக்கி ஓரமாக வைத்துவிட்டு அவள் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தேன். அப்புறம் அவள் காப்பி போட்டுக் கொடுத்தாள். சர்க்கரை டப்பாவும் அவளிடம்தான் இருந்திருக்கிறது.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். நாளைக் காலையில் நாங்கள் இரண்டு பேரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு அதே கோயில் தோப்புக்குப் போகிறோம். கிடா இல்லை, பங்காளி இல்லை, மைக் இல்லை. "ஆடி மாசமாச்சே?" என்று தயங்கிக் கேட்டுப் பார்த்தேன். "ஆடி புதுசாக் கட்டுனவுகளுக்குத்தேன். நமக்கென்ன?" என்று சொல்லிவிட்டாள். நீங்கள் ஒருவேளை கிளம்பிவிட்டால் வாருங்கள், மோட்டார் அறைச் சாவி ஓட்டுக்கு அடியில் இருக்கிறது, தோட்டத்துக்குத் தண்ணீர் மட்டும் பாய்ச்சிவிடுங்கள். எங்களுக்குப் போன் அடிக்க வேண்டாம். அங்கே டவர் கிடைக்காது. அதைப் பார்த்துத்தான் இடமே எடுத்திருக்கிறோம்.