மலைக் கொடுவா

"தம்பி, நூலைக் கொஞ்சம் லூசு விடுங்க. நீங்க பிடிச்சது மீனில்ல, என் வெள்ளாடு" என்றார் மலையாண்டி.

ஆட்டின் காதிலிருந்து தூண்டில் முள்ளை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். அர்ஷத்தின் கடைக்கு ரீசார்ஜ் பண்ண வருகிறவர்தான்.

"இது மழைத்தண்ணி தம்பி. இதுல மீன் எங்கிட்டு இருந்து வரும்?"

"வரும்!" என்றான் அர்ஷத்.

நார்த்தாமலைக்குப் பின்பக்கம் மூன்று நாள் அலைந்து அவன் கண்டுபிடித்த 'மலை ஓடை' அது. பாறையில் வழிந்து பள்ளத்தில் தேங்கிய மார்கழித் தண்ணீர். உள்ளே தவளைகள் மட்டும் இருந்தன.

எல்லாம் மாமனார் முகம்மது கனியால் வந்தது. கோட்டைப்பட்டினத்தில் முப்பது வருஷம் கடலுக்குப் போனவர். மனைவி சாரா உம்மாளோடு, மகளைப் பார்க்கக் கீரனூர் வந்திருந்தார். வெளிநாட்டில் குளிர்ந்த மலை ஓடையில் இறகால் கட்டிய பொய் ஈயை வீசி ட்ரவுட் மீன் பிடிப்பதை அர்ஷத் வீடியோவில் காட்டினான். மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார்.

"செல்போன் கடையில ஈ ஓட்டுறது பத்தாதுன்னு, இப்ப ஈ விட்டு மீனா மாப்புள?"

அர்ஷத்துக்குச் சுருக்கென்றது. "ஞாயித்துக்கெழமைக்குள்ள நம்ம மலையில பிடிச்சுக் காட்டுறேன் மாமா. இல்லேன்னா கடையைப் பூட்டிட்டு மறுபடி சவூதிக்கே போயிடுறேன்!"

"போன தடவை போயி நாலு வருஷம் கழிச்சு வந்தீங்க மச்சான்" என்றாள் மனைவி நிலோஃபர். மாமனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

அர்ஷத் அசரவில்லை. பொய் ஈக்கு இறகு வேண்டும் என்று அடுத்த வீட்டுச் சேவலின் வாலைப் பிடுங்கினான். அடுத்த வீட்டுப் பேச்சு நின்றது. ஈ மினுங்க நிலோஃபரின் நிக்காஹ் சேலையில் ஜரிகை உருவினான். சொந்த வீட்டுப் பேச்சும் நின்றது. இப்போது, வெள்ளிக்கிழமை, ஆடும் முறைத்தது.

வீட்டுக்கு வந்ததும் மாமனார் கேட்டார். "எந்தப் பள்ளம் மாப்புள?"

"ஒத்தை வேப்பமரத்துக்கிட்ட. எதுக்குக் கேக்குறீங்க?"

"சும்மாதான். ஊர்ல ஒரு வேலை, போயிட்டு நாளைக்கு வாரேன்."

ஞாயிறு காலை முதல் வீச்சில் முள் புதரில் மாட்டியது. இரண்டாவதில் அவன் தொப்பியில். மூன்றாவதில் தூண்டில் கழி வில்லாய் வளைந்தது. ஒன்றரைக் கிலோ மீன்!

முற்றத்தில் அதைத் தூக்கிப் பிடித்தான். ஐந்து நாள் கழித்து நிலோஃபர் சிரித்தாள். அரிவாள்மணையோடு வந்த சாரா உம்மாள் மட்டும் மீனைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இது கொடுவால்ல? நம்ம ஊரு கடல் மீனு மலையேறியா வந்துச்சு?"

"அது கடல் கொடுவா மாமி. இது மலைக் கொடுவா! ஒலகத்துலயே நான்தான் முதல்ல கண்டுபிடிச்சிருக்கேன்!"

"மார்கழிக் குளிருக்கு ஏறும், ஏறும்! நீ கொழம்பை வையி" என்று மாமனார் அவசரமாகச் சொன்னார்.

வாசலில் டி.வி.எஸ். வண்டி வந்து நின்றது. பின்னால் கட்டியிருந்த நீல டிரம்மை இறக்கி வைத்தார் மலையாண்டி.

"பெரியவரே, நேத்து மீன் கொட்டுன டிரம்மைப் பாறையிலயே விட்டுட்டு வந்துட்டீங்களே! மருமகன் சவூதி போறது நின்னுச்சுங்களா?"