சிலுப்பாத சேவல்

2023 மார்ச் 12, ஞாயிறு. காலை 5.30க்கு எழுந்தேன். 5.50க்கு ரோஜாச் செடிகளுக்குத் தண்ணீர். 6.15க்குச் சீனி போடாத கோப்பி. 7.05க்கு வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி. (இதுவரை நாட்குறிப்பில் கையெழுத்து அழகாக இருக்கிறது. இதற்குப் பிறகு எழுதியதை என்னாலேயே படிக்க முடியவில்லை.)

அன்று அக்கா மகள் ஷாலினியின் சம்பந்தம் முடிவாக வேண்டும். மாப்பிள்ளை வீட்டாரின் குலசாமி, மெர்லிமாவ் ஊர்ப் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து முனியாண்டி. பெண்ணின் தாய்மாமன் பிடித்து நிற்கும் சேவல்மீது மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமிக்குச் சம்மதம். சிலுப்பாவிட்டால் தட்டு மாற்ற மாட்டார்கள். ஷாலினியும் அந்தப் பையனும் நான்கு வருடமாகக் காத்திருந்தார்கள். தாய்மாமன் நான்.

கோயில் வாசலிலேயே சேவல் படபடத்து என் சட்டையைப் பாழாக்கப் பார்த்தது. கோழியை மல்லாத்தி நெஞ்சை மெல்ல அழுத்தினால் அசையாமல் கிடக்கும் என்று எங்கோ படித்திருந்தேன். அழுத்தினேன். மரக்கட்டையாகக் கிடந்தது. (அந்த இரண்டு நிமிடம் எனக்கிருந்த பெருமை!) ஓர் அனிச்சைச் செயல் எழுந்தால் இன்னொன்று அடங்கிவிடும், உறைந்த கோழி சிலுப்பாது என்ற பக்கத்தை மட்டும் படிக்காமல் விட்டிருந்தேன்.

பூசாரி தெளித்தார். அசைவில்லை. மறுபடி தெளித்தார். மூன்றாம் முறையும் ஓர் இறகுகூட ஆடவில்லை.

சம்பந்தியம்மா வெளிறிப்போனார். "என்னங்க இது, சாமி வேணாங்குதே!"

அக்கா தூணைப் பிடித்துக்கொண்டாள். பதற்றத்தில் நான் இன்னும் அழுத்தினேன். சேவல் இன்னும் நன்றாக உறைந்தது.

"மாமா, கைய எடுங்க லா!" ஷாலினி அலறினாள்.

"எடுத்தா ஓடிரும்மா!"

பூசாரி செம்பையே கவிழ்த்தார். பாதி சேவல்மேல், பாதி என் பிடரியில். ஜில்லென்று முதுகில் இறங்கியதும், தலை முதல் முழங்கால் வரை என் உடம்பு சடசடவென உதறியது. கை நழுவ, சேவல் புரண்டெழுந்து செம்பனைக் காட்டுக்குள் ஓடியே போனது.

பூசாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சிலுப்பியாச்சு. தட்ட மாத்துங்க."

"சேவல் எங்க சாமி சிலுப்புச்சு?" என்றார் சம்பந்தியம்மா.

"தாய்மாமன் சிலுப்புனாரே! யார் சிலுப்புனா என்ன, உத்தரவு உத்தரவுதான்."

"அப்ப கறிக்கு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா, என்னையே பார்த்துக்கொண்டு.

இன்றுவரை எங்கள் வீட்டில் எதற்கும் என் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை; தண்ணீர் தெளிக்கிறார்கள். தொடங்கி வைத்தவள் என் மனைவி. மறுநாள் காலை 5.30க்கு, நான் கண்ணைத் திறக்கும் முன்பே பிடரியில் குளிர்ந்த நீர் விழுந்தது. உதறினேன்.

"சாமி உத்தரவு குடுத்துருச்சு" என்றவள், மூன்று வருடமாக நான் மறுத்துவந்த சமையலறைச் சுவர்ச் சாயத்துக்கு முதல் வேலையாக ஆளை வரச்சொன்னாள். மஞ்சள் நிறம்.