கடலைப் பார்க்கப் போனேன்

என் மனைவியை ஒரே ஒரு தடவையாவது ஏமாற்றிவிட்டுத்தான் மறுவேலை என்று முடிவு கட்டினேன். காரணம், உப்பு.

நான் கடிகாரம் ரிப்பேர் செய்பவன். ஓடாத கடிகாரங்களையெல்லாம் ஓட வைப்பேன். நான் மட்டும் ஓடுவது கிடையாது. காலையில் கடை ஸ்டூலில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். டாக்டர் என் கையில் பட்டையைச் சுற்றி ரத்தக் கொதிப்பைப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"உப்பைக் குறைக்கணும். தினமும் நடக்கணும்."

"நடக்கறதெல்லாம் என்னால ஆகாது" என்றேன் கண்டிப்பாக.

கூட வந்திருந்த மனைவி சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். வரவில்லை. "சரிங்க, நடக்க வேண்டாம். உப்பை மட்டும் விட்டுடலாம்" என்றாள்.

டாக்டர் 'குறைக்கணும்' என்றதை இவள் 'விட்டுடலாம்' ஆக்கிவிட்டாள் என்பது, வீட்டில் முதல் வாய் வைத்தபோதுதான் உறைத்தது. உப்புச் சப்பில்லாத வாழ்க்கை என்பார்களே, அதை அப்படியே தட்டில் பரிமாறியிருந்தாள்.

"ஒரு கல்லு போடக் கூடாதா?"

"ஜன்னல்ல என்ன தெரியுது?"

"கடல்."

"உடம்பு பூரா உப்பு. ஒரு நிமிஷம் சும்மா கிடக்குதா? ஒரே கொந்தளிப்பு! நீங்களும் அப்படி ஆகணுமா?"

அத்தனை பெரிய கடலையே எனக்கு எதிராகச் சாட்சிக்கு இழுத்துவிட்டாள். அன்றைக்குத்தான் அந்த முடிவு கட்டினேன்.

மறுநாள், "கடையைச் சாத்திட்டு அப்படியே கடலைப் பார்த்துட்டு வரேன்" என்றேன்.

பொய்யே இல்லை. கடற்கரையில் ஒருவர் தள்ளுவண்டியில் உப்புப் போட்டுக் கடலை வறுத்து விற்கிறார். நான் பார்க்கப் போனது அந்தக் கடலையை. எந்தக் கடலை என்று அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

"நல்லாப் பாருங்க, மனசுக்கு நல்லது" என்றாள். பாவம், வெகுளி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் கடலை உதட்டில் பட்டதும் உயிர் வந்தது. ஆஹா, உப்பு! ஒரே ஒரு தொந்தரவு, அந்த வண்டி ஒரு இடத்தில் நிற்காது. முதல் வாரம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே நின்றது. அடுத்த வாரம் கலங்கரை விளக்கத்துக்குப் போனது. அங்கிருந்து படகுகள் பக்கம். கடைசியில் மணல் முடிந்து பாறை ஆரம்பிக்கும் இடத்துக்கே போய்விட்டது. எனக்கு மூச்சு வாங்கியது.

"என்னங்க, வண்டிக்குக் கால் முளைச்சிடுச்சா?"

"இங்கதான் சார் வியாபாரம்" என்றார் கடலைக்காரர்.

சுற்றிப் பார்த்தேன். என்னையும் இரண்டு நண்டுகளையும் தவிர யாரும் இல்லை.

இரண்டு மாசம் கழித்து மறுபடி டாக்டர். மறுபடி பட்டை. "அட, கொதிப்பு நல்லா இறங்கியிருக்கே!" என்றார். திருட்டு உப்புத் தின்றே கொதிப்பை இறக்கிய முதல் நோயாளி நான்தான் என்று உள்ளுக்குள் துள்ளினேன். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வெற்றியைக் கொண்டாட அன்று மாலை இரண்டு பொட்டலம் கேட்டேன். கடலைக்காரர் புழுக்கத்துக்குச் சட்டைக் கையை மடித்து விட்டிருந்தார். நீட்டிய கையில் ஒரு கடிகாரம். பச்சைப் பட்டை, கண்ணாடி ஓரத்தில் கீறல். "எங்க அண்ணனோடது, கூலி கேட்டுடாதீங்க" என்று போன மாசம் என் மனைவி கொண்டுவந்து கொடுக்க, நான் இலவசமாக ஓட வைத்த அதே கடிகாரம்!

"இது என் மச்சானோட கடிகாரமாச்சே! உங்ககிட்ட எப்படி?"

அவர் சிரித்தார். "தங்கச்சி என்னை அண்ணேன்னுதான் கூப்பிடும். அப்போ நான் உங்களுக்கு மச்சான்தானே, மாப்பிள்ளை?"

"என்ன நடக்குது இங்க?"

"நீங்கதான் நடக்கறீங்க. வண்டியைக் கொஞ்சம் கொஞ்சமாத் தள்ளித் தள்ளி நிறுத்தணும், உங்க பொட்டலத்துல மட்டும் உப்புப் போடக் கூடாதுன்னு தங்கச்சி முதல் நாளே வந்து கேட்டுக்கிச்சு."

"உப்புப் போடலையா? தினமும் கரிச்சுதே!"

"இவ்வளவு தூரம் கடல் காத்துல நடந்து வரீங்க. உதட்டுல ஒட்டாம என்ன செய்யும்?"

உதட்டை நக்கிப் பார்த்தேன். கரித்தது.

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன். "அவரு உனக்கு அண்ணனா?"

"கூப்பிடற முறைக்கு அண்ணன்தாங்க. நீங்க கடலைப் பார்க்கப் போன மாதிரி."

பிறகு அவளே தணிந்த குரலில் சொன்னாள். "அன்னிக்கு டாக்டர் உச்சுக்கொட்டினாரே, எனக்குப் பயமாப் போச்சு. நீங்க இல்லாம நான் என்ன பண்ணுவேன்? நடங்கன்னா நடப்பீங்களா நீங்க?"

கண்ணோரம் ஈரமாக இருந்தது. என் கோபத்தில் பாதி அங்கேயே கரைந்துவிட்டது. மீதிப் பாதிக்காவது மரியாதை வேண்டாமா? நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

"நான் சோத்துல உப்புப் போட்டுத் தின்னுறவனா இருந்தா, நாளையிலேருந்து ஒரு அடி நடக்க மாட்டேன்!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தட்டில் ஒரு கரண்டி பருப்பை ஊற்றினாள்.

"அதனாலதாங்க போடறதே இல்ல."