எங்க பரம்பரையில கிடையாது

நம்மிடையே ஓர் இனம் உண்டு. பரம்பரைக்காரர்கள் என்று சொல்லலாம். சர்க்கரை ஏறினால் அம்மாவைச் சொல்வார்கள், வழுக்கை விழுந்தால் தாய்மாமனைத் தேடிப் பிடித்துக் குற்றம் சாட்டுவார்கள். முன்னோர் யாருக்கும் வராத நோய் தமக்கும் வராது என்று, அந்த நோயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததுபோல நிம்மதியாக இருப்பார்கள். நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

மலேசியாவின் தம்போயில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கும் கனகராஜ் இந்த இனத்தில் அசல் ரகம். முகமூடி போடாமல் சாயம் அடிப்பார். கேட்டால், “எங்கப்பா எஸ்டேட்டுல புல்லு மருந்து அடிச்சவரு, அவருக்கு என்ன ஆச்சு?” என்பார். அடித்து முடித்ததும் சிகரெட் பற்றவைப்பார். அதற்கும் சுருட்டுப் பிடித்தே பேரன் கல்யாணத்தைப் பார்த்த தாத்தா ஒருவர் இருந்தார். மறுத்துப் பேசினால் தொலைந்தீர்கள். உறவினர் ஒவ்வொருவரும் எதனால் செத்தார் என்று ஒப்பித்துக் காட்டுவார். அதில் புற்றுநோய் வரவே வராது.

ஒரு நாள் காலை சிறுநீர் சிவப்பாகப் போனது. வலியில்லை. வலிக்காதது ஒரு நோயா? முந்தின நாள் தின்ற சிவப்பு டிராகன் பழம் என்று தீர்ப்பளித்தார். பழம் தின்னாத வாரத்திலும் சிவந்தபோது, உடம்புச் சூடு என்று இளநீர் குடித்தார். தானாகத் தெளிந்தது, இளநீருக்குப் பெயர் கிடைத்தது. அடுத்த முறை, கழிப்பறையைக் கழுவப்போன மனைவி தனலெட்சுமியின் கண்ணில் பட்டுவிட்டது.

“என்னங்க இது?”

“சூடு லா. எங்க பரம்பரையில...”

“உங்க பரம்பரையும் காருல ஏறட்டும். ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

ஜொகூர் பாருவில் டாக்டர் ஜாஹிதா கேமரா வைத்த மெல்லிய குழாயைச் சிறுநீர்ப்பைக்குள் விட்டுப் பார்த்தார். உள்சுவரில் சின்னதாக ஒரு வளர்ச்சி இருந்தது. அதைச் சுரண்டி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னார்.

“புற்றுநோய்தான் அங்கிள். ஆனா ஆரம்பம். மேல் படலத்துலயே நின்னிருக்கு, தசைக்குள்ள எறங்கல.”

“எங்க குடும்பத்து ஜீன்ல இது இல்லையே டாக்டர்?”

“குடும்பத்துல இருந்து வந்தது இல்ல. சிகரெட்டுல உள்ள ரசாயனம் ரத்தத்துல கலந்து, சிறுநீர்ல எறங்கி, அந்தப் பையில தேங்கி நிக்குது. சாயத்துல உள்ளதும் சேர்ந்திருக்கலாம். வருஷக்கணக்கா அதுல ஊறி, உள்சுவரு செல்லுல உள்ள ஜீன் மாறிடுது. ‘வளரு’ன்னு சொல்ற ஜீன் வாய மூடறதில்ல. ‘போதும்’னு சொல்ற ஜீன் காணாமப் போயிடுது.”

“அப்ப எங்கப்பா குடுத்தது இல்லையா?”

“இல்ல அங்கிள். நீங்க சொந்தமா சம்பாதிச்சது.”

“அதான் எடுத்தாச்சே?”

“பார்க்க நல்லா இருக்கிற இடத்துலயும் அந்த மாற்றம் தொடங்கியிருக்கலாம். திரும்பி வரலாம். சிகரெட்ட விட்டுடுங்க. செக்கப்புக்கு ஒழுங்கா வாங்க.”

வீடு திரும்பக் காரில் ஏறினார் கனகராஜ். தாத்தா, அப்பா, தாய்மாமன் என்று இத்தனை காலம் முட்டுக்கொடுத்து நின்ற கூட்டம் மொத்தமும் நடுச்சாலையில் இறங்கிப் போய்விட்டதுபோல இருந்தது. குற்றம் சாட்ட ஆளே இல்லை.

“பயமா இருக்கு தனம்.”

“இப்பவாச்சும் வந்துச்சே,” என்றார் தனலெட்சுமி. ஆனால் பிடித்திருந்த கனகராஜின் கையை விடவில்லை.

சிகரெட் போயிற்று. முகமூடி வந்தது. இதுவரை செய்த பரிசோதனைகளில் மறுபடி எதுவும் முளைக்கவில்லை. திருந்திவிட்டாரா? இனம் அவ்வளவு சுலபமாக மாறுமா? இப்போது சாப்பாட்டுக் கடையில் யாரைக் கண்டாலும் ஜீன் பாடம் எடுக்கிறார். “எங்க பரம்பரையிலேயே இது எனக்குத்தான் மொத மொத” என்று சொல்லும்போது அந்த முகத்தில் ஒரு பெருமை, பார்க்கவேண்டும்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் படித்துக்கொண்டே வரும்போது, ‘நல்லவேளை, நம் வீட்டில் யாருக்கும் அந்த இடத்தில் எதுவும் வந்ததில்லை’ என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டீர்களே, அது எந்த இனத்தின் பழக்கம்?