கோட்டுப் பெட்டிகள் மூன்றையும் அனுப்ப வேண்டாம்

சேசு மரி சூசை துணை

புதுச்சேரி,
தவக்காலம் ஐந்தாம் வாரம், செவ்வாய்.

பிரான்சில் வாழும் அன்புள்ள ரோசா அக்காவுக்கு உன் ஒரே தம்பி யூஜின் எழுதிக்கொள்வது. நானும் என் வீட்டுக்காரி ஃபாத்திமாவும் நலம். என் சர்க்கரையும் அவள் முழங்காலும் தத்தம் அளவில் நலம். அங்கே நீயும் அத்தானும் குளிர் தணிந்து சுகமாயிருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறோம். பர்மா நிலநடுக்கத்தில் வீடிழந்தவர்களுக்கென்று மூன்று பெட்டி நிறையக் கோட்டு அனுப்பப்போவதாகப் போனில் சொன்னாய். அனுப்பாதே. காரணத்தைப் போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், ஆகவே கடிதம்.

செய்தி வந்த ஞாயிறன்றே கோயிலில் பூசை முடிந்ததும் நான் மைக்கைப் பிடித்து, ஈஸ்டருக்குள் நம் பங்குக் கோயிலின் உதவி பர்மாவில் இடிந்துகிடக்கும் மாந்தலே நகருக்குப் போய்ச் சேரும், அதற்கு நான் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். நகராட்சியில் முப்பத்திரண்டு வருடம் குப்பை வண்டிகளை நேரத்துக்கு அனுப்பியவனுக்கு இது எம்மாத்திரம்? பங்குச் சாமியார் மைக்கை வாங்கப் பார்த்தார், நான் விடவில்லை. பிரான்சு உறவுள்ள வீடுகளில் என்ன இருக்கும் என்று உனக்குத் தெரியாதா, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நீங்கள் அன்போடு விட்டுப்போகும் கம்பளிக் கோட்டுதான். வேண்டாமென்று சொல்ல இங்கே யாருக்கும் வாய் வராது, போட்டுக்கொள்ள யாருக்கும் தைரியம் வராது. இரண்டே நாளில் நூற்றுப்பதினாலு கோட்டு என் கூடத்தில் வந்து இறங்கிவிட்டது. சமையலறைக்குப் போக வழியில்லாமல் ஃபாத்திமா தெருவில் இறங்கி, பக்கத்துச் சந்தில் நுழைந்து, பின்வாசலால் போய்த்தான் உலை வைத்தாள். "பர்மாவுல வூடு இடிஞ்சவங்களுக்கு உதவி பண்றேன்னுட்டு எங்க வூட்ட இடிச்சிட்டீங்க" என்றாள். பெரிய காரியங்களில் இப்படிச் சின்னப் பேச்சு வரத்தான் செய்யும்.

எங்கள் மாடியில் குடியிருக்கும் இனியா காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற பெண். அவள் கோட்டு மலையைப் பார்த்துவிட்டு, "அங்கிள், மாந்தலேல இப்போ நாப்பது டிகிரி. பொழைச்சவங்கள நாம வேகவெச்சிடக் கூடாது" என்றாள். பார்சல் ஆபீசில் விசாரித்தால் கோட்டின் விலையைவிட அனுப்பும் கூலி அதிகம். சரி, பணமாகவே அனுப்புவோமென்று, வாட்ஸ்அப்பில் வந்த ஓர் அழுகிற குழந்தையின் படத்துக்குக் கீழே இருந்த க்யூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யப் போனேன். இனியா போனைப் பிடுங்கிக்கொண்டாள். படம் ஏழு வருடத்துக்கு முன் வேறேதோ நாட்டில் எடுத்ததாம். கணக்கு யாரோ ஒரு தனி ஆளுடையதாம். பிறர் கண்ணீரில் மீன் பிடிக்கிறார்கள் அக்கா.

இந்த நேரத்தில்தான் வைத்திக்குப்பத்துக் கன்னியம்மாள், நமக்கு வாடிக்கையாக மீன் போடுகிறவள், கூடையை இறக்கினாள். கோட்டுகளைப் பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது. "சுனாமி அப்ப எங்களுக்கும் இப்பிடித்தான் கொண்டாந்து ரோட்டோரம் கொட்டிட்டுப் போனாங்க ஐயா. கிழிஞ்ச பேண்டு, கல்யாணப் பொண்ணு கவுனு, கம்பளி. மழைல நனைஞ்சு நாறிப்போச்சு. எங்களுக்கு வேண்டியிருந்தது வலை. எந்த ஊரு மகராசனோ பணமா அனுப்புனான். அதுலதான் வலை வாங்கிக் குடுத்தாங்க. எம் புருசன் மறுபடி கடலுக்குப் போனாரு." சொல்லிவிட்டு, சுருக்குப்பையை அவிழ்த்து, அன்றைக்கு மீன் விற்ற காசிலிருந்து ஐந்நூறு ரூபாயை என் கையில் வைத்தாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மூன்று நாளாக நான் மாந்தலேக்காரர்களை நினைக்கவே இல்லை, என் கூடத்தைக் காலி செய்வதைத்தான் நினைத்திருந்தேன்.

பிறகு நான் பொறுப்பைக் கையில் எடுத்தேன். இனியாவின் வகுப்புப் பிள்ளைகள் மே மாதம் மணாலிக்குச் சுற்றுலா போகிறார்களாம். கும்பலாக வந்து, மின்விசிறிக்குக் கீழே வேர்க்க விறுவிறுக்கப் போட்டுப் பார்த்து, கோட்டுகளை வாங்கிப் போனார்கள். வந்த பணத்தையும் கன்னியம்மாளின் ஐந்நூறையும் சாமியாரிடம் ஒப்படைத்தேன். அவர் அதை ஏற்கெனவே மாந்தலேயில் கூடாரமும் குடிநீரும் கொடுத்துக்கொண்டிருக்கும் நிவாரணக் குழுவுக்கு அனுப்பினார். சேர்ந்ததற்குப் பதிலும் வந்துவிட்டது, ஈஸ்டருக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போதே! ஆகவே அக்கா, அனுபவத்தில் சொல்கிறேன்: அங்கே என்ன வேண்டுமென்று அங்கே இருக்கிறவனுக்குத்தான் தெரியும். குழுவை விசாரித்துக்கொள், பெட்டிக்கு ஆகும் தபால் செலவைப் பணமாகக் கொடு, யோசிக்காதே, உடனே கொடு. கொடுப்பதில் உன் தம்பியைப் பார்த்துக் கற்றுக்கொள்.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். குருத்தோலை ஞாயிறன்று உங்கள் எல்லோர் பேரிலும் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவேன்.

என்றும் உன் அன்புத் தம்பி,
யூஜின்

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். ஃபாத்திமாவுக்குக் கடிதத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டியது என் தவறு. முழுவதும் கேட்டுவிட்டு, "கன்னியம்மா குடுத்தா, பசங்க குடுத்தாங்க, அக்காவையும் குடுக்கச் சொல்லிட்டீங்க. நீங்க எவ்ளோ போட்டீங்க?" என்றாள். அக்கா, நான் மைக் பிடித்தேன், பட்டியல் போட்டேன், பேரம் பேசினேன். பணம் போட மறந்துபோனேன். மாதா சத்தியமாக மறந்தேதான் போனேன். இதோ சட்டையை மாட்டிக்கொண்டு சாமியாரிடம் கிளம்பிவிட்டேன். ரசீதில் என் பேரை எழுத வேண்டாமென்று சொல்லப்போகிறேன். அடக்கம் என்று அவர் நினைத்துக்கொள்ளட்டும். அந்த ரசீதின் தேதியை என் பேரோடு சேர்த்து யாரும் பார்த்துவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை.